மருத்துவம் படிக்கும் எம் பிள்ளைகள் ஆராய்ச்சியிலும் ஈடுபடலாமா?



ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால் எங்கள் வீடுகளில் அது ஒரு பெருநாள். ஊருக்கும் கனடாவுக்கும் தொலைபேசி பறக்கும். ஆனால் அதே பிள்ளை இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ வந்து, "அம்மா, இந்தக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஸ்தாஜ் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. "டொக்டராக வேண்டிய பிள்ளைக்கு எலியும் கண்ணாடிக் குழாயும் எதற்கு? படிப்பு பிந்திவிடாதா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். இம்முறை எமது நலவாழ்வுப் பக்கத்தில் அதற்கு விடை தேட முயல்கிறோம். லெ பிளாங்-மெனில், திரான்சி, ஒல்நே, லா கூர்நெவ் என்று 93ஆம் மாவட்டத்தில் பரந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

மாணவர் கண்ட தீவுகள்

சலரோகம், சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. இந்த நோய்க்கு உயிர் காக்கும் மருந்தான இன்சுலினின் கதையே மாணவர்களின் கதைதான்.

1869ஆம் ஆண்டு பேர்லினில் போல் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், தமது பட்டத்துக்கான ஆய்வுக்காக முயலின் கணையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சுற்றியுள்ள கலங்களில் இருந்து வேறுபட்ட சிறு கலக்கூட்டங்கள் ஆங்காங்கே தீவுகள்போல் கிடப்பதைக் கண்டார். அவற்றின் வேலை என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதையும் எழுதி வைத்தார். 1893இல் பிரெஞ்சு ஆய்வாளர் எதுவார் லகேஸ், இந்தக் கூட்டங்கள் இரத்தத்துக்குள் ஏதோ ஒன்றைச் சுரக்கலாம் என்று கருதி, அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார்.

பிறகு 1921ஆம் ஆண்டு கோடையில் ரொறன்ரோவில் பிரெடெரிக் பான்ரிங் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் சார்ள்ஸ் பெஸ்ற் என்ற 22 வயது இளைஞரும் அந்தத் தீவுகளின் சுரப்பைப் பிரித்தெடுக்க முனைந்தார்கள். பெஸ்ற் அப்போதுதான் முதற் பட்டத்தை முடித்திருந்தார். மருத்துவப் பட்டம் பெற்றது அதற்குப் பிறகுதான். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. 1923இல் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் பேராசிரியர் மக்லியோட்டுக்கும் கிடைத்தது. பான்ரிங் தமது பங்கின் பாதியைப் பெஸ்றுக்குக் கொடுத்தார்.

எல்லா மாணவருக்கும் இப்படி வாய்க்காது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். லாங்கர்ஹான்ஸ் கவனமாகப் பார்த்தார், பார்த்ததை நேர்மையாகப் பதிந்தார். ஒரு மாணவரிடம் ஆராய்ச்சி எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும்

எம்மவரிடையேயும் உதாரணம் உண்டு. சென்னையில் நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர் பேராசிரியர் எம். விசுவநாதன். அவருடைய மகன் வி. மோகன், சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த காலத்திலேயே, ஏறக்குறைய 18 வயதில், தந்தையின் கீழ் நீரிழிவு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். பின்னாளில் அவரது குழுவினர் 2001இல் தொடங்கிய சென்னை நகர-கிராம ஆய்வில் முதற்கட்டமாகச் சென்னை நகரில் மட்டும் 26,001 பேர் சேர்க்கப்பட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து அவர்கள் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்று உலகம் அறிந்தது அதனால்தான்.

அதே சென்னையில் டொக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வும் முக்கியமானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 100க்கு 39 ஆகக் குறைந்தது. "நடவுங்கோ, சோற்றைக் குறையுங்கோ" என்று வைத்தியர் சொல்வதற்குப் பின்னால் இப்படியான உழைப்பு இருக்கிறது.

இந்தியாவில் மருத்துவ மாணவர்களுக்கென்றே குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை மேற்படி கழகம் 1979இல் தொடங்கியது. மாணவர் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதங்கள் ஒரு கேள்வியை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் சமுதாய மருத்துவப் பாடத்தின் ஓர் அங்கமாக மாணவர்கள் ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறார்கள். ஆகவே ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல.

எங்கள் பக்கத்து ஊரில்

லெ பிளாங்-மெனிலுக்கு அருகேயுள்ள பொபினியில் இருக்கும் அவிசேன் வைத்தியசாலையை எங்களில் பலருக்குத் தெரியும். 1935இல் திறக்கப்பட்ட அது, 1978 முதல் இப்னு சீனா என்ற பண்டைய பாரசீக மருத்துவரின் பெயரைத் தாங்குகிறது. அதன் அயலிலேயே சொர்போன் பாரிஸ் நோர் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் உண்டு. எங்களுக்கு அது மருந்து எடுக்கப் போகும் இடம். ஆனால் பிரான்சின் பல்கலைக்கழக வைத்தியசாலைகள் 1958 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி மூன்று வேலைகளுக்காக அமைக்கப்பட்டவை: சிகிச்சை, கற்பித்தல், ஆராய்ச்சி. மூன்றாவதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை.

கடையில் வாங்கும் பிஸ்கட் பெட்டியில் ஏ முதல் ஈ வரை பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஓர் அடையாளம் இருக்கிறதல்லவா? நியூட்ரி-ஸ்கோர் எனப்படும் அதை 2017இல் பிரான்ஸ் அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு அடித்தளம் போட்டது பேராசிரியர் செர்ஜ் எர்க்பேர்க் தலைமையிலான பொபினி ஆய்வுக்குழுதான். அதே குழு 2009இல் தொடங்கிய நியூட்ரிநெற்-சாந்தே ஆய்வில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தங்கள் உணவுப் பழக்கங்களை இணையவழியாகத் தெரிவித்து வருகிறார்கள். தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018இல் உலகமெங்கும் செய்தியான ஆய்வும் இந்தத் தரவில் இருந்து வந்ததே.

அவிசேன் வைத்தியசாலையில் இன்னொன்றும் உண்டு. வேறு நாட்டில் இருந்து வந்தவர்களின் மனநோவை அவரவர் மொழியையும் பண்பாட்டையும் கருத்திற் கொண்டு கேட்கும் சிகிச்சை முறை 1979 முதல் அங்கே வளர்ந்தது. தோபி நாதனும் பின்னர் மரி ரோஸ் மோரோவும் அதை வளர்த்தார்கள். போரின் நினைவுகளோடு வாழும் எமது சமூகத்துக்கு இதன் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்கில் வராத சமூகம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பிரான்சில் வாழும் தமிழரில் எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேருக்கு 50 வயதுக்கு முன் மாரடைப்பு என்று கேட்டால், வழக்கமான அரச புள்ளிவிபரங்களில் அதற்கு விடை கிடையாது. பிரெஞ்சுச் சட்டம் இனத்தின் அடிப்படையில் மக்களை எண்ணுவதில்லை. 2007 நவம்பரில் அரசியலமைப்புச் சபையும் இதை உறுதிப்படுத்தியது. பிறந்த நாட்டையும் நாட்டுரிமையையும் கேட்கலாம். இனத்தின்படி வகை பிரிக்க முடியாது. இதற்கு வரலாற்று நியாயம் உண்டு. இப்படியான பட்டியல்கள் மக்களை வேட்டையாடப் பயன்பட்டதை ஐரோப்பா கண்டிருக்கிறது. பட்டியல்களின் ஆபத்து எமக்கும் தெரியாததல்ல.

ஆனால் அதன் விளைவு என்ன? யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் "இலங்கையில் பிறந்தவர்" என்று மட்டும் பதிவாகிறார். பாண்டிச்சேரித் தமிழர் பலர் பிரெஞ்சுக்காரர் என்றே பதிவாகிறார்கள். இங்கே பிறந்த எமது பிள்ளைகள் கணக்கில் தனியாகத் தெரிவதே இல்லை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். இலண்டன் சவுத்தோலில் 1988இல் தொடங்கிய ஆய்வு மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 80 வயதை அடையும்போது தென்னாசியப் பூர்வீகத்தினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நீரிழிவு, ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்கே என்று 2012இல் அது தெரிவித்தது. ஒஸ்லோவில் 2002இல் நடந்த குடியேறியோர் சுகாதார ஆய்வில் இலங்கையில் பிறந்தவர்கள் ஒரு தனிக் குழு. அவர்களையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. ரொறன்ரோவில் தமிழரின் மனநலம் பற்றிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. இப்படியான ஆய்வுகள் பலவற்றின் பயனாகவே, தென்னாசியருக்கு நீரிழிவு அபாயம் குறைந்த எடையிலேயே தொடங்குகிறது என்று உலகம் ஏற்றுக்கொண்டது. இடுப்புச் சுற்றளவில் தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்ற தனி எல்லையை 2005இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்தது.

எமது சமூகத்தை அறிந்த, எமது மொழியில் கேட்கத் தெரிந்த இளம் மருத்துவர்கள் பிரான்சில் உருவாகும்போது, சட்டத்துக்கு உட்பட்டே இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். அவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பது?

பிரான்சில் உள்ள வழிகள்

மருத்துவப் படிப்பின் நுழைவு முறை 2020இல் பாஸ், எல்.ஏ.எஸ். என்ற இரு வழிகளாக மாறியது. இந்த ஒழுங்குகள் அடிக்கடி மாறுவதால், ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலையே நம்புங்கள். முதலாம் ஆண்டில் ஆராய்ச்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம். தெரிவுப் பரீட்சையே போதும். இரண்டாம் ஆண்டில் இருந்து வழிகள் திறக்கின்றன.

1. ஆராய்ச்சி அறிமுக ஸ்தாஜ். கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஒரு ஆய்வுகூடத்திலோ வைத்தியசாலைப் பிரிவிலோ இருந்து பழகுவது. பிடிக்கிறதா இல்லையா என்று அறிய இதுவே நல்ல வழி.

2. மாஸ்ரர் முதலாம் ஆண்டுப் பாடங்கள். புள்ளிவிபரவியல், மரபியல், பொதுச் சுகாதாரம் போன்றவற்றை மருத்துவப் படிப்போடு சேர்த்துப் படிக்கலாம். பின்னர் மாஸ்ரர் இரண்டாம் ஆண்டுக்கு இது கதவைத் திறக்கும்.

3. இரட்டைப் படிப்பு. மருத்துவத்தோடு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெறும் பாதை. இன்சேர்ம் நிறுவனத்தின் லிலியான் பெத்தன்கூர் பாடசாலை 2003 முதல் இதை நடத்துகிறது. இது நீண்ட பாதை. மிகுந்த ஆர்வம் உள்ளவர்களுக்கே பொருந்தும்.

ஆராய்ச்சியாளர் ஆக விரும்பாத பிள்ளைக்கும் இதில் பயன் உண்டு. ஆறாம் ஆண்டில் நடக்கும் தேசியப் பரீட்சையில் மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து வாசிக்கும் திறன் சோதிக்கப்படுகிறது. சிறப்புத் துறைக்கான தரவரிசையில் அந்த எழுத்துப் பரீட்சைக்கு 60 வீதம், செய்முறைப் பரீட்சைக்கு 30 வீதம், மாணவரின் படிப்புப் பாதைக்கு 10 வீதம் என்று நிறை வகுக்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சிப் படிப்பு அந்தப் பத்தில் சேரலாம். அதுமட்டுமல்ல, பிரான்சில் தேஸ் எழுதி அதை நடுவர் முன் நிறுவாமல் யாரும் டொக்டர் பட்டம் பெற முடியாது.

எங்கே, எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு நல்ல வழிகாட்டி தேவை. பெயர் பெற்ற பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஒதுக்கக்கூடியவரே மாணவருக்கு நல்ல வழிகாட்டி. விரிவுரை நன்றாக இருந்த ஆசிரியரின் அண்மைய கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டு, ஐந்தாறு வரியில் மின்னஞ்சல் எழுதலாம். நான் இந்த ஆண்டு மாணவர், உங்கள் இந்தக் கட்டுரையை வாசித்தேன், இத்தனை வாரங்கள் என்னிடம் உண்டு, உங்கள் குழுவில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரங்களின் பின் மீண்டும் ஒருமுறை எழுதுவதில் தவறில்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்குக் கேட்பதில்தான் கூச்சம். வைத்தியர் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும் அறிமுகத்தை, எம் பிள்ளைகள் மின்னஞ்சல் எழுதித்தான் பெற வேண்டும்.

அடுத்தது, கேள்வியைச் சிறிதாக்குவது. "தமிழரும் நீரிழிவும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "இரவில் வேலை செய்யும் உணவகத் தொழிலாளர், நீரிழிவு மருந்தை எந்த நேரத்தில் எடுக்கிறார்கள்?" என்பது கேள்வி. ஒரு கோடையில் முடிக்கக்கூடியதும் அதுவே.

மூன்றாவது, கேட்கும் முறை. லா சப்பலில் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நின்று நூறு பேரைக் கேட்பது எளிது. ஆனால் நடக்க முடியாதவர், வேலைக்குப் போனவர், வீட்டோடு இருக்கும் வயதான அம்மாமார் அங்கே வரமாட்டார்கள். அந்த நூறு பேரின் விடை எங்கள் எல்லோரின் விடையும் ஆகாது. "சீனி வருத்தம் இருக்கா?" என்று கேட்டால், பரிசோதிக்காதவரும் இல்லை என்பார். "கடைசியாக எப்போது இரத்தத்தில் சீனி பார்த்தீர்கள்?" என்பது இன்னும் நல்ல கேள்வி. பிரெஞ்சில் எழுதிய கேள்விக்கொத்தைத் தமிழாக்கினால், அந்தத் தமிழை இன்னொருவர் மூலம் திரும்பப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பொருள் மாறியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

நான்காவது, அனுமதி. இதில் விளையாட்டு இல்லை. மனிதரை உட்படுத்தும் மருத்துவ ஆராய்ச்சிக்கு பிரான்சில் 1988 முதல் சட்டம் உண்டு. 2012இல் இயற்றப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த ஜார்தே சட்டம் அதை மூன்று வகையாகப் பிரித்து, மூன்றுக்கும் மனிதர் பாதுகாப்புக் குழுவின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. வைத்தியசாலையில் ஏற்கெனவே உள்ள கோப்புகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கும் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னிலின் விதிகள் உண்டு. எந்த விதி எந்த ஆய்வுக்கு என்று மாணவர் தாமே முடிவெடுக்கக் கூடாது. அது வழிகாட்டியின் பொறுப்பு. வேலை தொடங்கும் முன் கேட்டுத் தெளிவது மாணவரின் பொறுப்பு.

கவனிக்க வேண்டியவை

எங்கள் சமூகம் சிறியது. பெயரை நீக்கிவிட்டாலும் "இன்ன ஊர், இன்ன வயது, இன்ன கடையில் வேலை" என்று எழுதினால் யாரென்று எல்லோரும் அறிந்துவிடுவார்கள். வதிவிட அனுமதி, போர் அனுபவம், மனநோய் போன்றவற்றில் இது ஒருவரின் வாழ்வையே பாதிக்கும். ஆகவே தேவையில்லாத விபரத்தைக் கேட்கவே கூடாது. நோயாளரின் தகவலைச் சொந்தக் கைத்தொலைபேசியிலோ இணையத்தில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிலோ போடக் கூடாது.

மாணவரை வெறும் தரவு தட்டும் கையாக மட்டும் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. வேலை தொடங்கும் முன்பே தன் பங்கு என்ன, கட்டுரை வெளிவந்தால் பெயர் இடம்பெறுமா என்று பணிவாகக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பணம் கேட்டு எதையும் வெளியிடும் போலிச் சஞ்சிகைகளின் மின்னஞ்சல்களுக்கு மயங்கக் கூடாது. எதிர்பார்த்த விடை வராவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும். "தொடர்பு இல்லை" என்பதும் ஒரு கண்டுபிடிப்பே.

பரீட்சை நெருங்கும் காலத்தில் ஆராய்ச்சியைச் சற்று ஒதுக்கி வைக்கலாம். குடும்பத்துக்காகச் சனி, ஞாயிறில் வேலைக்குப் போகும் பிள்ளைகள், சம்பளமில்லாத ஸ்தாஜை ஏற்குமுன் உதவித்தொகை உண்டா என்று பீடத்தில் விசாரிக்க வேண்டும். முடியாவிட்டால் அது தோல்வி அல்ல. மாணவப் பருவத்தில் விட்டதை, அன்தேர்ன் காலத்தில் ஓர் ஆண்டு ஆராய்ச்சிக்கென ஒதுக்கிப் பிடிக்கவும் வழி இருக்கிறது.

பெற்றோருக்கும் பெரியோருக்கும்

பிள்ளை செய்வது என்ன என்று ஒருமுறை தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால், பிள்ளைக்கே அது விளங்கிவிட்டது என்று பொருள். உங்கள் மருந்துப் பெட்டி, உங்கள் இரவு வேலை, நீங்கள் வைத்தியரிடம் சொல்லாமல் விட்ட வலி எல்லாம் நாளை அந்தப் பிள்ளையின் நல்ல கேள்வி ஆகலாம்.

வைத்தியசாலையில் உங்களிடம் யாராவது ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டால், பயந்து ஒதுங்கவும் வேண்டாம், வெள்ளை அங்கிக்குப் பணிந்து உடனே கையெழுத்திடவும் வேண்டாம். எதற்காக, என்ன செய்வீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு வாசியுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையாது. சேர்ந்த பின் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளை டொக்டர் தொழிலை விட்டு விலகிப் போகவில்லை. இன்னும் நல்ல டொக்டராக வருவதற்கே பழகுகிறது. அடுத்த முறை வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால், "எதற்கு?" என்று கேட்பதற்குப் பதிலாக "எதைப் பற்றி?" என்று கேட்டுப் பாருங்கள்.